கவிதா வந்ததாக நான் சொன்ன நாட்கள்

இல்லை சாமி, அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. நீ மூன்று தடவை கேட்டுவிட்டாய். முந்தாநாள் டாக்டர் அறையில் வீடியோவில் கேட்டாய். சேலத்திலிருந்து நாங்கள் திரும்பும்போது காரில் ஃபோன் செய்து கேட்டாய். நேற்றுக் காலையில் மறுபடியும் கேட்டாய். மூன்று தடவையும், "அவங்க நல்லாத்தான் பண்ணாங்க கண்ணு, என் காலுதான் கேக்கல" என்று சொன்னேன். அது பதில் இல்லை. அதைக் கேட்கிற யாருக்கும், வேலை தெரியாத ஒருத்தியை இந்த அம்மா பாவம் பார்த்துக் காப்பாற்றுகிறாள் என்றுதான் தோன்றும். உனக்கும் தோன்றியது. "நீங்க எல்லாருக்கும் பாவம் பாப்பீங்க. நான் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாய். அதன் பிறகு அவள் வேலை பார்க்கும் கிளினிக்குக்கு ஃபோன் செய்திருக்கிறாய்.

உண்மை இது. முட்டி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பயிற்சி கொடுக்க நீ ஏற்பாடு செய்த கவிதா, பதினோரு நாள் வந்தாள். பன்னிரண்டாம் நாள் வர வேண்டாம் என்று நான் சொன்னேன். அதன் பிறகு இருபத்திரண்டு நாள் அவள் வந்ததாக உன்னிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வரவில்லை என்று சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் நம்பும்படி இருக்கும்.

இதை ஃபோனில் சொல்ல முடியவில்லை. உன் குரலைக் கேட்டதும் என் வாய் தானாக வேறொன்றைச் சொல்கிறது. அதனால் எழுதுகிறேன். பழைய தீவன நோட்டின் எழுதாத தாள்கள். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். நீட்டி என்பதும் சரியில்லை. கால் நீளவில்லை. முட்டிக்கும் மெத்தைக்கும் நடுவில் என் கை நுழைகிற அளவு இடைவெளி இருக்கிறது.

கவிதா எப்படி வேலை செய்தாள் என்று உனக்குத் தெரிய வேண்டும். ராசிபுரத்தில் கிளினிக் வேலையை முடித்துவிட்டு நான்கு மணிக்கு ஸ்கூட்டியில் வருவாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போடப் போயிருக்கிறார். மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் இவள் பொறுப்பு. செருப்பை வாசலில் விடும்போதே, "அம்மா, இன்னைக்கு என்னையத் திட்டறதுக்கு என்ன வார்த்தை வெச்சிருக்கீங்க?" என்று கேட்பாள். முதலில் குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியைக் கீழே அழுத்தச் சொல்வாள். பத்து எண்ண வேண்டும். நான் ஏழிலிருந்து நேராகப் பத்துக்குப் போனால், "எட்டும் ஒம்பதும் எந்த ஊருக்குப் போச்சுங்க?" என்பாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, கணுக்காலைப் பிடித்து உள்ளே தள்ளுவாள். அப்போது நான் கத்துவேன். இருபத்தைந்து வருடம் கோழி ஷெட்டில் நடந்திருக்கிறேன், தீவனம் சுமந்திருக்கிறேன், உன்னைப் பெற்றிருக்கிறேன். எதற்கும் அப்படிக் கத்தியதில்லை. உள்ளே ஒரு இரும்பு இருப்பது அப்போதுதான் தெரியும். என் சதை அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்னும். அவள் கையை எடுக்காமல், என் முகத்தைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டே இருப்பாள். பத்து முடியும்வரை அவள் முகம் மாறாது. நான் அவளை வெறுத்தேன். பதினோராம் நாள், நீளமான ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை முட்டியில் வைத்துப் பார்த்து எழுபத்தைந்து டிகிரி என்றாள். "தொண்ணூறு தாண்டட்டும். அப்பறம் நாற்காலியில உக்காந்து யாரையும் புடிக்காம எந்திரிப்பீங்க. பையன் ஊட்டுக்கு பஸ்ஸுலயே போவீங்க."

உன் அப்பாவைப் பற்றியும் எழுத வேண்டும். முட்டிக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது என்று கவிதா முதல் நாளே சொன்னாள். "சொகமாத்தான் இருக்கும். ஆனா வெச்சுப் பழகுனீங்கன்னா கால் அப்படியே வளைஞ்சு நின்னுக்கும்." அவள் ஸ்கூட்டி சத்தம் ரோட்டில் ஏறும்வரை உன் அப்பா காத்திருப்பார். பிறகு அந்த நீலத் தலையணையைக் கொண்டுவந்து முட்டிக்கு அடியில் வைப்பார். "அவ கெடக்கறா. நீ படு அம்மிணி." மறுநாள் மூன்றே முக்காலுக்கு அதை எடுத்து அலமாரியில் ஒளித்து வைப்பார். அறுபத்தாறு வயது ஆள்.

தலையணை மட்டும் இல்லை. முப்பத்து நான்கு வருடத்தில் அவர் எனக்கு ஒரு டம்ளர் காப்பி கலந்து கொடுத்ததில்லை. இப்போது கொடுக்கிறார். சர்க்கரை அதிகம். தலை சீவி விடுகிறார். கூண்டுக் கம்பியைச் சுரண்டுவது போல சீப்பை இழுக்கிறார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நான் பாத்ரூம் போனால், தப்பி ஓடும் கோழியை மடக்குவது போல இரண்டு கையையும் விரித்துப் பின்னாலேயே வருகிறார். ஷெட்டுக்கு ஆள் போட்டுவிட்டார். ஒரு நாள், "கால் உழுந்த கோழின்னா கழிச்சு உட்டுருவோம். உன்னைய என்ன பண்றதுன்னுதான் தெரீல" என்று சிரித்தார். கூண்டில் நிற்க முடியாமல் போகிற கோழிகளை நானும் அவரும் சேர்ந்துதான் பொறுக்கி எடுப்போம். சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. வெளியே போனவர் அரை மணி நேரம் கழித்து இளநீரோடு வந்தார்.

எனக்கு அது பிடித்திருந்தது. கால் மடங்கிவிட்டால் அவர் ஷெட்டுக்குப் போய்விடுவார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். வலிக்குப் பயந்து மட்டும் கவிதாவை நிறுத்தவில்லை. வலி பாதி, இது பாதி. எது பெரிய பாதி என்று எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் அவளுக்கு ஃபோன் செய்து, "மகன் நாமக்கல்லுல இருந்து வேற ஒருத்தர ஏற்பாடு பண்ணிட்டான் கண்ணு" என்றேன். "செரிங்கம்மா. அவர்கிட்டயாவது பத்து முழுசா எண்ணுங்க" என்றாள். அவளிடம் உன்னைச் சொன்னேன். உன்னிடம் அவளைச் சொன்னேன். நடுவில் நான் தலையணை மேல் கால் வைத்துப் படுத்திருந்தேன்.

சாயங்காலம் ஆறரைக்கு, பெங்களூர் வண்டிச் சத்தத்துக்கு நடுவில் நீ கேட்பாய். "இன்னைக்கு எவ்வளவு வந்துச்சுங்கம்மா?" எழுபத்தெட்டு என்றேன். அடுத்த நாள் எண்பது. முட்டை விலை ஏற்றுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஒரு நாள், வீக்கம் என்று சொல்லி இறக்கவும் செய்தேன். அன்று நீ பதறிப்போய், "ஐஸ் வெச்சீங்களா?" என்று இரண்டு தடவை கூப்பிட்டாய். எண்பத்தெட்டு என்று சொன்ன நாளில், உன் வீட்டில் உன் பெண்டாட்டியும் குழந்தையும் கை தட்டினார்கள். குழந்தைக்கு எதற்குத் தட்டுகிறோம் என்று தெரிந்திருக்காது. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவி ஓடவில்லை.

பிறகு ஆறு வாரம் முடிந்து டாக்டரிடம் போனது. அவர் காலைத் தூக்கிப் பார்த்தார். மடக்கிப் பார்த்தார். அறுபது. பதினோராம் நாள் இருந்ததைவிடக் குறைவு. நீட்டினால் இருபது டிகிரி பாக்கி நிற்கிறது. "பிசியோ பண்ணவே இல்லையா?" என்றார். "பண்ணாங்க டாக்டர்" என்றேன். நீ ஃபோன் திரைக்குள்ளிருந்து, "டெய்லி வந்தாங்களே சார்!" என்றாய். "வந்து என்ன பண்ணாங்க?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அறையில் பதில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். உன் அப்பா சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தார். நான் புடவையை இழுத்துக் காலை மூடினேன். பத்து நாள் பார்ப்போம், இல்லையென்றால் மயக்க ஊசி போட்டு நானே மடக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். நீ அவர் சொன்னதை முழுதாகக் கேட்டாயா என்று தெரியவில்லை. அப்போதே உன் கோபம் கவிதாவிடம் போய்விட்டது. புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் மூன்று தடவை அவள் பெயரைச் சொன்னாய்.

இன்று பதினொரு மணிக்கு அவள் என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, உங்க பையன் கிளினிக் சார்கிட்டப் பேசியிருக்காருங்க. ஒரு மாசமா வந்து ஏமாத்திட்டேன்னு சொல்லியிருக்காரு. நான் பதினோரு நாளுதானுங்களே வந்தேன்? சார் நம்ப மாட்டேங்கறாரு. பெத்த அம்மா எதுக்கு பொய் சொல்லப் போறாங்கன்னு கேக்கறாரு. இது முடியற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னுட்டாரு." அழவில்லை. கோபமும் படவில்லை. "நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதுங்கம்மா" என்றாள். சொல்கிறேன் என்றேன். ஃபோனை வைத்தேன். மத்தியானம் ரசமும் சோறும் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். இறங்கியது.

கவிதாவுக்காக என்றால் இதோடு நிறுத்தலாம். ஆனால் இதே பொய்யோடு வேறொருவர் வாசலில் நான் முன்பே ஒரு தடவை நின்றிருக்கிறேன். அன்று நீயும் பக்கத்தில் இருந்தாய். உன் வலது கையைப் பற்றிச் சொல்கிறேன்.

உனக்கு ஒன்பது வயது. தீவன லாரி மேலிருந்து விழுந்து முழங்கை உடைந்தது. ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் எலும்புக்குக் கட்டுக் கட்டுபவர் ஒருவர் இருந்தார். நம் பக்கத்தில் கை கால் உடைந்தால் முதலில் அவரிடம்தான் போவார்கள். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் பட்டை வைத்துச் சுற்றுவார். "கோழிப் பண்ணைக்காரங்க ஊட்டுப் பையனா? அப்ப முட்டைக்கு என்ன கொறச்சல்" என்றார். நீ அழுகையை நிறுத்திவிட்டு, "என் கையை ஆம்லெட் போடறீங்களா?" என்று கேட்டாய். வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நாற்பது நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது கை குச்சியாகி, பாதியில் வளைந்து நின்றது. அவர் பதறவில்லை. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "தெனம் காலைல எண்ணெய் ஊத்தி நீவி, கொஞ்சங் கொஞ்சமா நீட்டி உடோணும். கத்துவான். கத்தட்டும். சொம்புல தண்ணி ரொப்பிக் கையில குடுத்து நடக்க உடுங்க. ரெண்டு மாசம். ஒரு நாள்கூட உடக் கூடாது."

மூன்று நாள் செய்தேன். நான்காம் நாள் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்ததும் நீ ஓடிப்போய்த் தீவன மூட்டைகளுக்கு நடுவில் புகுந்துகொண்டாய். "நாளைக்குங்கம்மா, நாளைக்கு" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. சரி, நாளைக்கு என்றேன். எண்ணெயைத் திரும்ப பாட்டிலில் ஊற்றினேன். அப்பா அப்போது முட்டை லாரி ஓட்டிக்கொண்டு கேரளாவுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். வந்ததும் முதல் கேள்வி, "கைய நீட்டி உட்டயா?" "உட்டனுங்க." நீ என்னைப் பார்ப்பாய். நாம் இரண்டு பேரும் ஒரு கட்சி. உனக்கு அது பெரிய சந்தோஷம். எனக்கும்தான்.

மூன்று மாதம் கழித்து அப்பா உன் கையை இழுத்துப் பார்த்தார். நீளவில்லை. அன்றே நம்மை வண்டியில் ஏற்றிக்கொண்டு கட்டுக்காரர் வீட்டுக்குப் போனார். வாசலில் நான்கைந்து பேர் கட்டுக்காகக் காத்திருந்தார்கள். "என்ர பையன் கையக் கோணலாக்கிப் போட்டயே, நீயெல்லாம் வைத்தியனா?" என்று கத்தினார். அந்த மனிதர் உன் அப்பாவைவிட வயதில் பெரியவர். "நீட்டி உடச் சொன்னனுங்க. உட்டாங்களான்னு அம்மிணியக் கேளுங்க" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "தெனமும் நீட்டுனமுங்க" என்றேன். ஒரு நாள்கூட விடவில்லை என்றும் சொன்னேன். யாரும் கேட்காததை நானாகச் சேர்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. விரல்களில் காய்ந்திருந்த மாவைத் தேய்த்து உதிர்த்தார். பிறகு திரும்பி, அடுத்ததாக உட்கார்ந்திருந்த பெண்ணின் மணிக்கட்டை எடுத்தார். அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டாள்.

அப்பா டீக்கடை டீக்கடையாகச் சொன்னார். லாரிக்காரர் ஒருவர் சொன்னால் ஆத்தூர் வரைக்கும் போகும். இரண்டு வருடத்தில் அவர் கட்டுவதை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நம்மாலா, வயதாகிவிட்டதாலா, தெரியாது. விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும். இப்போது அவர் உயிரோடு இல்லை.

உன் இருபதாவது வயதில் போலீஸ் தேர்வுக்குப் போனாய். ஓட்டத்தில் எல்லாரையும் முந்தினாய். கயிறு ஏறும்போது கை நீளாமல் பாதியில் இறங்கிவிட்டாய். வீட்டுக்கு வந்து, "அந்தக் கட்டுக்காரனாலதாங்கம்மா" என்றாய். நான் உனக்குச் சோறு போட்டேன். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்றேன். அன்று சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ நாள் சொல்லியிருக்கலாம். போன பொங்கலுக்குக்கூட, மகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும்போது வலது கை மடங்கிய இடத்திலேயே நின்றது. கட்டுக்காரரை ஒரு வார்த்தை திட்டிவிட்டு இடது கைக்கு மாற்றினாய். நான் அடுப்பைப் பார்த்தபடி நின்றேன். உன் கையைக் கோணலாக்கியது அவர் இல்லை. நான்.

நீ அழுததை என்னால் தாங்க முடியவில்லை. அதைப் பாசம் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டுக்காரர் கத்தட்டும் என்றார். கவிதா பத்து வரை எண்ணினாள். அவர்கள் இரண்டு பேரும் அழுகையோடு நின்றார்கள். நான் அதிலிருந்து ஓடினேன், ஒரு தடவை உன் அழுகையிலிருந்து, ஒரு தடவை என் அழுகையிலிருந்து. உனக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி குறைந்துவிட்டது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உன் மகளும் அழுவாள். ஊசிக்கு அழுவாள், பல்லுக்கு அழுவாள். அழும்போது கூடவே நில். அதிலிருந்து தப்பிக்க ஒரு பொய் சொன்னால், அதைச் சுமக்க ஒரு ஆள் தேவைப்படும். அந்த ஆள் எப்போதும் வீட்டுக்கு வெளியேதான் கிடைப்பார். வீட்டில் இருப்பவர்கள் நம்மை நம்புவார்கள். நீ என்னை நம்பினாய். அதில் தப்பில்லை. ஆனால் யார் மேலாவது கோபப்படும் முன்பு அவரிடமும் ஒரு தடவை கேட்டிருக்கலாம். உன் அப்பா கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. இந்தப் பழக்கம் நம் வீட்டில் எங்கிருந்து வந்தது என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

கிளினிக்குக்கு நீயே மறுபடி பேச வேண்டும். அம்மா பொய் சொன்னாள் என்று உன் வாயால் சொல்ல உனக்குக் கூசும். சொல். என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் நான் காரணம் கேட்க மாட்டேன். டாக்டர் கொடுத்த பத்து நாளில் இரண்டு போய்விட்டது. கவிதா திரும்ப வருவாளா என்று தெரியாது. வரச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை. மயக்க ஊசி போட்டு மடக்கினால் மடக்கட்டும். அதற்காக யாரையும் திட்டாதே.

இந்தக் கடைசித் தாளை ஒரு மணி நேரம் கழித்து எழுதுகிறேன். மேலே உள்ளதைப் படிக்கச் சொல்லி உன் அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். கட்டுக்காரர் வருகிற பக்கத்தில் வெகுநேரம் இருந்தார். பிறகு தாள்களைக் கட்டிலில் வைத்துவிட்டு ஷெட்டுப் பக்கம் நடந்து போனார். நான் அவரைக் கூப்பிடவில்லை. கிளினிக்குக்கு ஃபோன் செய்தேன். எடுத்த பெண்ணிடம் என் பெயரையும் ஊரையும் சொல்லி, சாரிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் வந்ததும், கவிதா சொன்னதுதான் நிஜம், நான்தான் நிறுத்தினேன், மகனிடம் பொய் சொன்னேன் என்றேன். அவர் சரியாகக் கேட்கவில்லை என்றார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.